பாக்கியைக் கொடுங்கள், பாடம் நடத்தாதீர்கள்

செய்த வேலைக்குப் பாக்கி கேட்டால் பணத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது எப்போது கொடுப்பீர்கள் என்றாவது சொல்ல வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு, நம்பிக்கையோடு இரு, கிடைத்ததற்கு நன்றி சொல்லப் பழகு என்று கலைஞனுக்கு உபதேசம் செய்கிறார்களே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் நாகஸ்வரம், அதாவது நாயனம், வாசிப்பவன். வைகாசி முகூர்த்தத்துக்கு வாசித்த ஒரு கல்யாண வீட்டிலிருந்து எனக்கு 15,000 ரூபாய் வர வேண்டும். ஆடி பிறந்துவிட்டது. மிகுந்த மரியாதையோடு நான் அனுப்பிய நினைவூட்டலுக்கு, அந்த வீட்டுப் பெரியவர் வாட்ஸ்அப்பில் ஒரு நீண்ட குரல் பதிவை அனுப்பியிருக்கிறார். "தம்பி, நீங்க கலைஞர். கலைஞனுக்கு நம்பிக்கைதான் சொத்து. வராத பணத்தையே நினைச்சுக்கிட்டு இருந்தா வாசிப்பு கெட்டுப்போயிடும். கிடைச்சதுக்கு நன்றி சொல்லுங்க, தானா பெருகும்" என்கிறார். தொடக்கம் முதல் முடிவு வரை, பணத்தை எப்போது தருவார் என்று ஒரு சொல் இல்லை.

நாகஸ்வரம், தவில், நாடகம், கூத்து, ஓவியம் என்று எந்தத் துறையில் இருப்பவரானாலும் இந்த உபதேசத்தைக் கேட்டிருப்பீர்கள். பணம் தர வேண்டியவரே அதைச் சொல்லும்போது எரியும் எரிச்சல் தனியானது.

அந்தக் கல்யாணத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். நாயனம், தவில், தாளம் எல்லாம் சேர்ந்த எங்கள் செட்டுக்கு 45,000 ரூபாய் என்று பேசி, 5,000 ரூபாய் அச்சாரம் வாங்கியிருந்தேன். மீதி 40,000 ரூபாயைக் கல்யாணம் முடிந்த கையோடு தருவதாக வாக்கு. முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. ஊஞ்சலுக்குக் குறிஞ்சி ராகம் வாசித்தபோது பெண்ணின் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தாலி கட்டியதும் எழுந்த கெட்டிமேளத்தில் மண்டபம் அதிர்ந்தது. காலை ஒன்பது மணிக்கு எங்கள் வேலை முடிந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் எங்களால் மண்டபத்தை விட்டுக் கிளம்ப முடிந்தது. இடைப்பட்ட ஐந்து மணி நேரமும், கொடுப்பதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு நடந்துகொண்டிருந்தோம்.

பெண்ணின் தகப்பனாரிடம் போனேன். கொடுக்கல் வாங்கல் எல்லாம் தம்பியின் பொறுப்பு என்றார். அந்தத் தம்பி சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் தலைவரிடம் இலைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு முடியும்வரை தூணோரம் நின்றேன். முடிந்ததும் சமையல்காரருக்கு நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, மேளத்துக்கான பணம் மைத்துனரிடம் இருக்கிறது என்றார். மைத்துனரோ மாப்பிள்ளை வீட்டாரின் பேருந்தை வழியனுப்ப வாசலுக்குப் போயிருந்தார். வாசலுக்குப் போனேன். "வித்வான், கொஞ்சம் பொறுங்க, சம்பந்தி வீட்டார் கிளம்பட்டும்" என்றார். அவர்கள் கிளம்பினார்கள். அதன்பின் மண்டப மேலாளர் வந்து மின்கட்டணத்தைப் பெற்றுக்கொண்டார். பூ அலங்காரம் செய்தவர் வந்தார், அவருக்கும் கிடைத்தது. நாற்காலி வாடகைக்காரர் வண்டியோடு வந்து நின்றார், அவர் கணக்கும் தீர்ந்தது. ஒவ்வொருவரும் பணத்தை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். தோளில் தவிலோடு என் பின்னால் நின்ற பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. "உட்காருங்க" என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை.

அந்த வரிசையில் நாங்கள் ஏன் கடைசி என்று அங்கே நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. மண்டபத்துக்காரரிடம் சாவி இருக்கிறது. சமையல்காரர் கோபித்துக்கொண்டால் மதியப் பந்தி நிற்கும். புகைப்படக்காரர் கணக்கு முடியாமல் ஆல்பத்தைக் கொடுக்க மாட்டார். பந்தல்காரர், பாக்கி வைத்தவர் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு வர மறுத்துவிடுவார். இசை வாசிப்பவனிடம் பிடித்து வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வாசித்த கணமே அது காற்றில் போய்விட்டது. ஊதிய கெட்டிமேளத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. அந்தத் தாலி எங்கள் வாசிப்போடு ஏறியது ஏறியதுதான். எங்கள் கையில் பிடி இல்லை என்பது கொடுக்க வேண்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் ஒரு தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், அதன்மேல் ஒட்டிய கவர். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, குடும்பமே சுற்றி நிற்க, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மங்கலத் தட்டில் வந்த கவரை அங்கேயே பிரித்து எண்ணுவது எங்கள் மரபில் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். வேனில் ஏறிய பிறகு பிரித்தேன். 25,000 ரூபாய் இருந்தது. திரும்ப இறங்கிப் போய்க் கேட்டபோது காரணங்களை அடுக்கினார்கள். நலங்குக்கு வாசிக்கவில்லையாம். நலங்கு நேரத்தில் அவர்கள் ஏற்பாடு செய்த மெல்லிசைக் குழு ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்ததால், எங்களை வாசிக்க வேண்டாம் என்று சொன்னவரே அந்த மைத்துனர்தான். இரண்டாவது தவில் வாசித்தவர் சின்னப் பையனாம். மாவட்ட இசைப்பள்ளியில் முறையாகப் படித்துத் தேறி வந்த அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பணத்தைக் குறைத்ததை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன், அந்தப் பிள்ளையை அப்படி நிற்க வைத்ததை மறக்க மாட்டேன். "மீதியை ரெண்டு நாள்ல அனுப்பிடுறேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்னதை நம்பித்தான் வேன் நகர்ந்தது.

செட்டுக் கணக்கு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பேசிய தொகை முழுவதும் நாயனக்காரன் வீட்டுக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். முதல் தவிலுக்கு 10,000, இரண்டாவது நாயனத்துக்கு 8,000, இரண்டாவது தவிலுக்கு 7,000, தாளத்துக்கு 2,500, வேன் வாடகை 6,500 என்று 34,000 ரூபாயை அன்றைக்கே நான் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். கல்யாண வீட்டார் குறைத்தார்கள் என்பதற்காக உடன் வாசித்தவரின் கூலியில் கைவைப்பவன் செட்டு நடத்தத் தகுதியற்றவன். அச்சாரத்தையும் சேர்த்து எனக்கு வந்தது 30,000. ஆக, இரண்டு நாள் மூச்சைக் கொடுத்து வாசித்துவிட்டு, அதற்காக என் கையிலிருந்து 4,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் உண்டு, வாசிப்போம், ஆனால் அந்த வருமானத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் சம்பாதிப்பதை வைத்துத்தான் வெற்று மாதங்களைக் கடக்க வேண்டும். வைகாசியில் ஒருவர் 15,000 ரூபாயை நிறுத்தினால் அது ஆடியில் பள்ளிக் கட்டணமாக வந்து இடிக்கிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். அந்தப் பெரியவர் வாழ்நாளெல்லாம் வியாபாரம் செய்தவர். பருவத்தில் வர வேண்டிய பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

நம்பிக்கையை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. பங்குனியின் கடைசியும் சித்திரையும் வைகாசியும், ஓர் ஆண்டின் பெரும் பகுதி வருமானமும், ஒரே அறிவிப்பில் போனது. கோயில்கள் அடைபட்டன. கல்யாணத்துக்கு 50 பேர் என்று கட்டுப்பாடு வந்தபோது, பல வீடுகளில் பட்டியலிலிருந்து முதலில் அடித்த பெயர் மேளம். தாலி கட்டும் நேரத்தில் கைப்பேசியில் கெட்டிமேளத்தை ஒலிக்கவிட்டார்கள். அந்த நாட்களில் காய்கறி விற்கப் போன தவில் வித்வான்களை எனக்குத் தெரியும். அப்போதும் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தேன். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் மலையமாருத ராகத்தை அதற்குரிய நேரத்தில் வாசித்தேன். இந்தக் கை நாளைக்கு வேலை செய்ய வேண்டும் என்று நம்பாதவன் அதைச் செய்வானா?

நன்றியும் என்னிடம் குறைவில்லாமல் இருக்கிறது. அது யாருக்கு உரியது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. 2020 சித்திரையில் நடக்க வேண்டிய ஒரு கல்யாணம் நின்றுபோனது. அச்சாரத்தைத் திருப்பித் தர நான் போனபோது, அந்த வீட்டு அம்மாள் வாங்க மறுத்தார். "வைச்சுக்கோங்க தம்பி, கல்யாணம் எப்ப நடந்தாலும் நீங்கதான் வாசிக்கணும்" என்றார். மறு ஆண்டு மிகச் சிறிய அளவில் நடந்தபோது, சொன்னபடி எங்களையே அழைத்தார், முழுத் தொகையையும் மாலை மாற்றுவதற்கு முன்பே கையில் கொடுத்தார், கொடுத்திருந்த அச்சாரத்தைக் கழிக்கவில்லை. அந்த அம்மாளை நினைக்காமல் நான் நாயனத்தை எடுப்பதில்லை.

எங்களுக்குச் சீவாளி செய்து தரும் பெரியவரைச் சொல்ல வேண்டும். நாயனத்தின் முனையில் பொருத்தி ஊதுகிற, பார்ப்பதற்குச் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு நாணல் துண்டு அது. அறுத்த நாணலை நெடுநாள் காயவைத்துப் பக்குவப்படுத்தி, பதம் பார்த்து மடித்துக் கட்டித் தருகிறார். வாயில் வைத்து உமிழ்நீரில் ஊறவிட்டு, நாயனத்தில் நூலில் தொங்கும் ஊசியால் வாயைச் சற்றே திறந்து, அழுத்திப் பார்த்து, ஊதிப் பார்த்து, ஒத்து வராததை ஒதுக்கி வைத்தால், ஒரு கட்டில் மேடைக்குத் தகுதியானவை சிலதான் தேறும். அவையும் நெடுநாள் உழைப்பதில்லை. அந்தச் சீவாளிகளை ஊரடங்கு முழுவதும் அவர் கடனாகவே கொடுத்தார். அவரிடமும் பணம் இல்லை. "நீங்க வாசிச்சாத்தான் எனக்கு வேலை, பிறகு பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நன்றி என்று அவர் கேட்டதே இல்லை. கேட்காதவருக்குத்தான் அது தானாகப் பெருகுகிறது.

கலை தெய்வீகமானது, அதற்குக் கணக்குப் பேசக் கூடாது என்றும் அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவரின் குரல் பதிவில் ஒரு வரி வருகிறது. கணக்குப் பேசியது அவர்தான். பேசி, ஒப்புக்கொண்டு, அச்சாரம் கொடுத்து, அதன்பின் குறைத்தார். மங்கல இசை இல்லாமல் தாலி ஏறக் கூடாது என்கிற அளவுக்கு அது புனிதமானது என்றால், அதை ஊதியவனுக்குப் பேசிய பணத்தைக் கொடுப்பதும் அந்தச் சடங்கில் சேர்ந்ததுதான். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தலைமுறை, மற்ற வித்வான்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்காகப் பாடுபட்டது. அவர் 1956-இல் காலமானார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மண்டபத் தூணோரம் நின்று கூலி கேட்கும் நிலையில் எங்களை வைத்துக்கொண்டு, கலையின் தெய்வீகத்தைப் பற்றி எங்களுக்கே வகுப்பு எடுக்கிறார்கள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆச்சா மரத்தைக் கடைந்து அந்தக் குழலைச் செய்பவருக்கு அது உரிய பெருமை. அதை ஊதுபவருக்குப் பேசிய கூலி கிடைப்பதற்கு எந்தக் குறியீட்டை வாங்குவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கல்யாண வீடியோவை இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார். தாலி கட்டும் காட்சி, பின்னணியில் எங்கள் கெட்டிமேளம். பாராட்டுகள் குவிகின்றன என்று அதே குரல் பதிவில் பெருமையாகச் சொல்கிறார். அந்த ஒலியை அவருக்குக் கொடுத்தவர்களில் ஒருவன்தான் அவர் சின்னப் பையன் என்று சொல்லிப் பணம் குறைத்த பிள்ளை.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இனி அச்சாரம் வாங்கும்போதே, மீதித் தொகை மாலை மாற்றுவதற்கு முன் கைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் போகிறேன். மங்கல காரியத்தில் இப்படிக் கறாராகப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். செட்டு நடத்தும் மற்ற வித்வான்களும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் எழுதி வாங்கி, மற்றவர் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டால், எழுதி வாங்குபவர்தான் வாய்ப்பை இழப்பார்.

அந்தத் தாளில் சாப்பாட்டையும் சேர்த்து எழுதுவேன். விடியற்காலை நாலரை மணியிலிருந்து ஊதுபவர்களையும் கொட்டுபவர்களையும் எந்த வீட்டில்தான் முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள்? விருந்தினர் முடியட்டும், சொந்தக்காரர் முடியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி, பத்தரை மணிக்கு இட்லியும் ஆறிப்போன சாம்பாரும் மிஞ்சியிருக்கும்போது எங்களை அழைக்கிறார்கள். எங்கள் முதல் தவில்காரருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு தவில் கொட்டிய அந்த மனிதர், அந்தக் கல்யாணத்தில் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். மண்டப வாசலில் இருந்த தேநீர்க் கடையிலிருந்து நான்தான் ஓடிப்போய்ச் சர்க்கரை கூடுதலாகப் போட்ட தேநீர் வாங்கிவந்தேன். அப்போதும் உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது, கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.