பி.எம்.டபிள்யூ சின்னத்தில் இருப்பது விமான விசிறியா?

மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு மறுபடி சுற்றுகிறது: பி.எம்.டபிள்யூ சின்னம் நீல வானத்தில் சுழலும் விமான விசிறியாம். மாட்டுத்தாவணிப் பக்கம் பழைய கார் பார்க்கப் போனாலும் இதே கதைதான் காதில் விழுகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. சின்னம் பதிவானது 1917-இல். கறுப்பு வளையம் முன்னோடி நிறுவனமான ராப்பின் சின்னத்திலிருந்து வந்தது. அதன் நடுவில் இருந்த குதிரைத் தலையை எடுத்துவிட்டு, கம்பெனியின் சொந்த மண்ணான ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வெள்ளையையும் நீலத்தையும் வைத்தார்கள். அரசுச் சின்னத்தை வணிக முத்திரையில் போட அன்றைய சட்டம் விடவில்லை. அதனால் நிறங்களின் வரிசையை மாற்றினார்கள். பானட்டில் குனிந்து பாருங்கள், மேலே இடது கால்வட்டம் நீலமாக இருக்கும்.

அப்புறம் விசிறி எப்படி வந்தது? கம்பெனியே கிளப்பிவிட்டதுதான்! அவர்கள் தொழில் தொடங்கியதே விமான எஞ்சினில். கார் எல்லாம் பிற்பாடு. 1929-இல் விமான எஞ்சினுக்குப் போட்ட விளம்பரத்தில், சுழலும் விசிறிக்குள் சின்னத்தை வரைந்தார்கள். 1942-இல் கம்பெனி இதழே அதைக் கதையாக எழுதியது. சின்னம் பிறந்து 12 வருஷம் கழித்து வந்த விளம்பரம் அதற்கு மூலமாக இருக்க முடியுமா? இப்போது நிறுவனமே பவேரிய நிறங்கள் என்றுதான் விளக்கம் தருகிறது.