கிலோ பன்னிரண்டு ரூபாய்

அந்தப் படத்தை நம் ஊர்க் குழுவில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். பழைய பேப்பர் கடை வாசலில் வாய் பிரிந்து கிடக்கும் சாக்கு மூட்டை, மேலாக ஒரு ரோஸ் தாள், அதன் மூலையில் நூலக முத்திரை. நம் நூலகம் தன்னிடம் இருந்த பழைய ஊர் நோட்டீஸையும் அழைப்பிதழையும் எடைக்குப் போட்டுவிட்டது. ஆளாளுக்கு அழும் பொம்மை போட்டாயிற்று, "வேதனை" என்று எழுதியாயிற்று. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்து படத்தை மேலே தள்ளிவிட்டன. நானும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒருவர், நன்றாகப் படித்தவர், என்னை டேக் செய்து, "கல்யாணப் பத்திரிகையையும் பிட் நோட்டீஸையும் வைத்துக்கொண்டு ஒரு நூலகம் என்னதான் செய்யும் மேடம்?" என்று கேட்டுவிட்டார். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஊர்ச் சரக்கு, அதாவது ஊருக்குள்ளேயே அச்சாகி ஊருக்குள்ளேயே முடிந்துபோகும் தாள்கள், விலைக்குக் கிடைக்காது. சேர்த்தால்தான் உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், அவசரம் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

ஒரு நாவல் தொலைந்தால் இன்னொரு பிரதி வாங்கலாம். போட்டித் தேர்வு கைடு கிழிந்தால் அடுத்த வருடம் புதுப் பதிப்பே வரும். நம் கோயில் கும்பாபிஷேக மலர் தொலைந்தால் எந்தப் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்பீர்கள்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கைக்கு விலை எங்கே போட்டிருக்கிறது? உயர்நிலைப் பள்ளி வெள்ளிவிழா மலர் எந்தப் புத்தகக் கண்காட்சியில் கிடைக்கும்? முந்நூறு அடிப்பார்கள், விழா அன்று கொடுப்பார்கள், அடுத்த வாரம் அதில் சுண்டல் மடித்து வரும்.

நூலகத்துக்குப் புத்தகம் எப்படி வருகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். 1948இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான், அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நல்ல சட்டம், பெருமையாகவே சொல்லலாம். ஆனால் புத்தகத் தேர்வு பெரும்பாலும் சென்னையில் நடக்கிறது. ஒரு பட்டியல் தயாராகிறது, கட்டுக் கட்டாக மாவட்டத்துக்கு வந்து அங்கிருந்து கிளைக்குப் பிரிகிறது. அந்தப் பட்டியலில் உலகமே இருக்கும், நம் ஊர் இருக்காது. சென்னையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நம் தெருமுனை நோட்டீஸ் எப்படித் தெரியும்? அவரைக் குற்றம் சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குப் போயாக வேண்டும். தேர்த்திருவிழா நோட்டீஸை அந்தக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? ஆக, மேலேயிருந்தும் வராது, சட்டப்படியும் வராது. ஊரிலேயே ஓர் ஆள் எழுந்து போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும்.

எங்கள் ஊரில் அப்படி ஓர் ஆள் இருந்தார். என் அப்பா.

அவர் அச்சாபீஸ் வைத்தது 1961இல். காலால் மிதிக்கிற ஒரு டிரெடில் மெஷின், எட்டு கேஸ் ஈய எழுத்து, அவற்றைக் கோர்க்கும் கம்போசிங்குக்கு ஓர் ஆள். எதை அடித்தாலும் முதல் நல்ல பிரதியை எடுத்துக் கம்பியில் குத்திவிடுவார், அதற்கு 'ஆபீஸ் காப்பி' என்று பெயர். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாகிவிட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக ஆரம்பித்த பழக்கம். சண்டை போனது, பழக்கம் தங்கிவிட்டது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், வள்ளித் திருமண நாடக விளம்பரம், ஜவுளிக்கடைத் திறப்பு விழா அழைப்பிதழ், மூலைக்கடை ஆடித் தள்ளுபடி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று ஒரு கட்சிக்கு அடித்தார். அரிசி எங்கிருந்து வரும் என்று கேட்டு எதிர்க்கட்சி போட்ட நோட்டீஸும் அதே மெஷினில், அதே ராத்திரி. இரண்டும் ஒரே கம்பியில் அடுத்தடுத்துத் தொங்கின. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே இருந்தது அந்தக் கம்பி. மழை நாளில் ஈர மை வாசனை வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1998இல் நான்கு டிரங்குப் பெட்டி நிறைய இவற்றை நூலகத்துக்குக் கொடுத்தார். அப்போதிருந்த நூலகர் அருமையான மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலால் வருடம், யாருக்கு அடித்தது, எத்தனை பிரதி என்று எழுதினார். பென்சிலால்தான், பேனா மை பின்னால் ஊறிவிடும் என்பார். துருப்பிடித்த பின்னையெல்லாம் பிடுங்கினார். இருநூறு பக்க நோட்டில் பட்டியல் போட்டு, ஒரு ஸ்டீல் பீரோவில் அடுக்கி, 'ஊர் ஆவணம்' என்று அவர் கையாலேயே எழுதி ஒட்டினார். பத்திரிகையில் வரவில்லை, பொன்னாடையும் யாரும் போர்த்தவில்லை. ஊர் நூலகம் ஊருக்காகச் செய்ய வேண்டிய வேலை அதுதான், அவர் செய்தார். ஐந்து வருடத்தில் மாற்றலாகிப் போனார், அதோடு சாவி யாரிடம் என்று தெரியாமல் போயிற்று.

போன மாதம் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். போட்டித் தேர்வு மாணவர்களுக்கு மேஜை போட இடம் வேண்டும். பீரோவின் பூட்டை உடைத்தார்கள். உள்ளே இருப்பது அக்செஷன் ரெஜிஸ்டரில், அதாவது நூலகத்தின் நூல் வரவுப் பதிவேட்டில், இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. விலை இல்லாத தாளை அந்த ரெஜிஸ்டரில் ஏற்ற மாட்டார்கள், அதனால்தானே அந்த மனிதர் தனி நோட்டுப் போட்டார்! நோட்டும் மூட்டையோடு போய்விட்டது. என்ன அழகு பாருங்கள்: பதிவில் இருக்கும் புத்தகம் ஒன்று குறைந்தால் நூலகர் பதில் சொல்லியாக வேண்டும். பதிவில் இல்லாத நாற்பது வருட ஊர் காணாமல் போனால் எதுவுமே காணாமல் போகவில்லை. தணிக்கைக்கு வருபவர் சுத்தமாக டிக் அடித்துவிட்டுப் போவார்.

இனி வரப்போகும் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தட்டச்சு செய்யும் சிரமம் வேண்டாம்.

"இடம் இல்லை." ஒரு பீரோ. ஒரே ஒரு பீரோ. தலைவர்கள் படத்துக்கும் புரவலர் பெயர்ப் பலகைக்கும் சுவரில் இடம் இருக்கிறது. அடுத்தது.

"கல்யாணப் பத்திரிகை குப்பைதானே." கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு எழுதுவது தொழில். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று இதே 'குப்பை'யைத்தான் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் காலமானார். அதன் பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கிக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தார்கள், அதனால் இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படியோடு தொடங்கியது அது. சிகாகோக்காரனுக்குக் குப்பையாகத் தெரியாதது உங்களுக்குத் தெரிகிறது, கண் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், மரியாதை கருதி. ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பத்து நிமிடம் நிதானமாகப் படியுங்கள். எந்த வருடம் வரை பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது, எப்போது கழன்றது, எப்போது டாக்டர், எம்.எல்.ஏ. தலைமை தாங்க ஆரம்பித்தார், பெண்ணின் படிப்பு எப்போது முதல் அச்சில் வந்தது, எந்தத் தெருக்காரர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில் நின்றார்கள். இதை எந்த வரலாற்றுப் புத்தகம் உங்களுக்குச் சொல்லும்?

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடலாமே." இதைச் சொன்ன தம்பி மென்பொருள் துறையில் இருக்கிறார். தம்பி, மூட்டை காகித மில்லுக்குப் போன பிறகு எதை ஸ்கேன் செய்வாய்? ஈழத்து 'நூலகம்' வலைத்தளத்தைப் பார், 2005இல் தொடங்கியது. ஊர் மலர்கள், பள்ளி மலர்கள், செத்தவர் வீட்டில் கொடுக்கும் நினைவு மலர்கள் வரை ஏற்றியிருக்கிறார்கள். அந்த நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்பார்கள், எவ்வளவு பொருத்தமான பெயர்! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ணால் பார்த்த சனம் அது, தாளின் அருமை தெரியும். ஆனால் அவர்கள் ஸ்கேன் செய்ததும் யாரோ ஒருவர் அலமாரியில் எடுத்து வைத்திருந்ததைத்தான். ஸ்கேனர் எதையும் சேர்க்காது. ஆள்தான் சேர்க்க வேண்டும்.

"ரங்கநாதனே நூல்கள் பயன்பாட்டுக்கே என்றாரே, யாரும் தொடாததை ஏன் வைக்க வேண்டும்?" அவர் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதியோடு நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். அந்த வாசகர் இன்றே வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வாசகி வந்தாள். பழைய நூலகர் இருந்த காலத்தில் கைத்தறிச் சங்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு பெண் நான்கு நாள் தங்கி, சங்க ஆண்டறிக்கையையும் பொதுக்குழு அழைப்பையும் கையால் எழுதிக்கொண்டு போனாள். சங்கத்தில் கேட்டால் ஒரு தாள்கூட இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா அந்த நான்கு நாளும் சட்டையை மாற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தார், ஏதாவது சந்தேகம் கேட்பாளோ என்று.

"நூலகர் ஒற்றை ஆள், பாவம், என்ன செய்வார்?" இதில் நியாயம் இருக்கிறது. ஒருவரே திறக்க வேண்டும், பெருக்க வேண்டும், நாளிதழ் அடுக்க வேண்டும். ஊர்ப்புற நூலகங்களில் கொடுக்கும் சம்பளமும் எனக்குத் தெரியும். நான் அவர்மேல் கோபப்படவில்லை. கொஞ்சம் படுகிறேன். முத்திரை குத்தியிருக்கிறது, கையெழுத்தில் 'ஊர் ஆவணம்' என்று ஒட்டியிருக்கிறது, ஊரில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்க எத்தனை நிமிடம் ஆகும்? நானூறு மீட்டரில் என் வீடு.

உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்றார்களாம். நூறு வருடத்துக்கு மேலாக அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களாவது நெய் ஊற்றினார்கள். நாம் தராசில் வைத்தோம்.

கடைசியாக, யாரும் வெளிப்படையாகக் கேட்காத ஆனால் எல்லோரும் நினைக்கிற ஒன்று: "உங்கள் அப்பா கொடுத்தது என்பதால்தானே இந்தக் குதி குதிக்கிறீர்கள்?" ஆமாம். வேறு யாருடைய அப்பாவாவது கொடுத்திருந்தால் நானும் ஓர் அழும் பொம்மை போட்டுவிட்டு ரோஜாப்பூ அனுப்பியிருப்பேன். அதுவும் உண்மைதான். இன்னொன்றும் சொல்கிறேன், பின்னால் தெரிந்து யாராவது குத்திக்காட்டும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா போனபின் அந்த எட்டு கேஸ் எழுத்தையும் நான்தான் ஈய விலைக்குப் போட்டேன். தமிழ் எழுத்தெல்லாம் ஒரு வாளியில் கொட்டும்போது வந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அப்போது எனக்கும் இடம்தான் இல்லை.

படம் வந்த அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். கடைக்காரர் நூலகத்துக்குக் கிலோ பன்னிரண்டு ரூபாய் கொடுத்தாராம். என்னிடம் இருபது கேட்டார், கொடுத்தேன். பதினான்கு கிலோ கிடைத்தது. மீதி முந்தின நாளே லாரியில் போய்விட்டது. பட்டியல் நோட்டு இல்லை. 1967இன் இரண்டு நோட்டீஸில் ஒன்றுதான் இருக்கிறது, எந்தக் கட்சியுடையது என்று இங்கே சொன்னால் கமென்ட் பகுதி வேறு திசையில் போய்விடும்.

நேற்று நூலகத்திலிருந்து இப்போதைய நூலகர் போன் செய்தார். நான் வருத்தத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். "பீரோ சும்மாதான் கிடக்குது மேடம், பூட்டு மட்டும் மாத்தணும், உங்களுக்கு வேணும்னா ஒரு லெட்டர் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார். ஊர்ச் சரக்கு வீட்டில் இருந்தால் எனக்குப் பிறகு இன்னொரு பேப்பர் கடைக்குத்தான் போகும் என்று தெரியும். தெரிந்தும் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குக் குட்டியானை வருகிறது. தூக்கி ஏற்ற இரண்டு பேர் தேவை.