அந்தப் படத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள்

நேற்றிலிருந்து உள்பெட்டியில் வந்து "அக்கா விடுங்க, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க" என்று சொன்ன எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத எனக்குத் தெம்பில்லை. எந்தப் பக்கம், எந்தப் பதிவு என்று சொல்லப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் லைக் விழுந்தாயிற்று.

நான் அனுப்பிய படத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் போட்ட படத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவ்வளவுதான் என் புகார். இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்வதாக இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே போய்விடலாம்.

கார்ப் பந்தய வீரர் கரி சார் நினைவு நாளுக்குப் பழைய படம் இருந்தால் கொடுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில், முப்பது வருடத்துக்கும் மேலாகத் தொங்குகிற படம் அது. பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், சட்டத்திலிருந்து எடுக்கும்போது ஒரு மூலை உரிந்து வந்துவிட்டது. அதற்கே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்கேன் எடுத்து, யார் எங்கே நிற்கிறார்கள், யார் என்ன வேலை செய்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எட்டு வரி எழுதி அனுப்பினேன். எட்டு வரியும் போய்விட்டது, ஏழு பேரும் போய்விட்டார்கள். மிஞ்சியவருக்குச் செயற்கை நுண்ணறிவை வைத்துக் கலர் அடித்து, பின்னால் இருந்த, சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம் பந்தயத் திடலின் மொட்டை வானத்தை எடுத்துவிட்டு அந்தி மேகம் வைத்து, கீழே "வானில் மறைந்த விமானப் பந்தய வீரர்" என்று ஒரு வரி.

ஏனுங்க, விமானப் பந்தயமா?

சின்னப் பசங்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கரி என்றால் எஸ்.கரிவர்தன். கோயமுத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பம். கார்ப் பந்தயம் ஓட்டியவர், அதைவிட முக்கியமாக, பந்தயக் கார் செய்தவர். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை வண்டி வடிவமைத்தார், அதுதான் ஃபார்முலா மாருதி. லண்டனில் இருந்து வண்டி இறக்க முடியாதவனும் பந்தயத்தில் உட்காரலாம் என்ற நிலைமை அதற்கப்புறம்தான் வந்தது. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அந்த வண்டியைத்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது கோயமுத்தூரே வெடி வெடித்தது. கரி சார் அதைப் பார்க்க இல்லை. 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் போய்விட்டார், நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் வயது. செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. போன வருடம் அங்கே பந்தயம் பார்க்கப் போயிருந்தபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு பையன் அவன் நண்பனிடம், டயர் தேய்ந்து கரியாகிறதல்லவா, அதனால்தான் அந்தப் பெயர் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. தெரியாதவன் தெரியாததைச் சொல்கிறான். படத்தைக் கையில் வாங்கி, எட்டு வரியைப் படித்துப் பார்த்து, அப்புறம் வெட்டியவர்கள் மேல்தான் கோபம்.

விமானத்தில் இறந்தார், பந்தயம் ஓட்டினார், இரண்டையும் கூட்டினால் விமானப் பந்தய வீரர். கணக்கு சரிதான். சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான், அதில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். அந்தக் குழப்பமும் சேர்ந்திருக்கலாம், மன்னிப்போம்.

விமானப் பந்தயம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் நெவாடா பாலைவனத்தில், ரெனோவில், 1964 முதல் 2023 வரை நடத்தினார்கள். போர்க்காலத்து மஸ்டாங் விமானங்களைச் சீவிச் செதுக்கி, நட்டு வைத்த கம்பங்களைச் சுற்றித் தரையை ஒட்டி, மணிக்கு எழுநூறு எண்ணூறு கிலோமீட்டரில் விரட்டுவார்கள். அப்பாவுக்கு அந்த வீடியோக்கள் என்றால் உயிர். ஜெயித்த பைலட் இறங்கியதும் மெக்கானிக்குகள் எல்லோரும் இறக்கைமேல் ஏறி நின்று கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்வதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

நம்மவர்களும் விமானத்தில் போட்டி போட்டிருக்கிறார்கள். 1929 கடைசியில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் ஐந்நூறு பவுண்டு பரிசு அறிவித்தார், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் தனியாக ஓட்டிச் செல்லும் முதல் இந்தியனுக்கு. 1930-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார், ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து இந்தப் பக்கம் வந்தான். எகிப்தில் அபுகீர் என்ற இடத்தில் பார்த்தால் பையன் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறான். டாட்டா தன்னிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் பையன் ஜெயித்துவிட்டான், பின்னாளில் இந்திய விமானப் படைக்கே தளபதியும் ஆனார். இந்தக் கதையை எனக்குச் சொன்னது அப்பாதான். அவரைப் பொறுத்தவரை இது டாட்டா கதையும் இல்லை, ஆஸ்பி கதையும் இல்லை. ஸ்பார்க் பிளக் கதை.

எங்கப்பா டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவர். கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் இருபத்தெட்டு வருடம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் பம்ப்செட் ஷாஃப்ட், மத்தியானம் கிரைண்டருக்கு ஏதாவது, சாயங்காலம் யாராவது ஒரு விசித்திரமான டிராயிங்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அப்படி வந்ததுதான் பந்தயக் காரின் ஹப், சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம். அப்பா கரி சாரிடம் சம்பளம் வாங்கியவர் இல்லை, ஜாப் வொர்க்தான். இரண்டு முறை சோழவரத்துக்கு லாரியில் கூடவே போனார், ஏதாவது ஒடிந்தால் கை வேலைக்கு. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு மறுநாள் மத்தியானம் வரை தாங்கியதாம். (அம்மா எந்தப் படத்திலும் இல்லை. அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவாகிவிடும், இன்றைக்கு வேண்டாம்.)

கரி சார் எப்படிப்பட்டவர் என்று அப்பாவிடம் கேட்டால் ஹப்பைப் பற்றித்தான் பேசுவார். இ.என். இருபத்து நாலு என்கிற கெட்டி எஃகு ராடு, கடைசல் ஓட்டும்போது சுருள் நீல நிறத்தில் வரும். பேரிங் உட்காரும் இடத்தில் அரைத் தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடினால் பேரிங் இறங்காது, குறைந்தால் உள்ளுக்குள்ளேயே சுற்றும். ஒரு தலைமுடி மூணு தௌ இருக்கும் அம்மிணி, அதுல ஆறுல ஒரு பங்கு, என்று கையைக் காட்டுவார். அந்தக் கையில், இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. 1979-இல் லேத்தின் சக்கில், இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற பாகத்தில், போனது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். வெட்டின படத்தின் ஓரத்தில் பாதி டயர் தெரிகிறது. டயர்மேல் ஒரு கை இருக்கிறது, முழங்கைக்கு அப்பால் ஆள் இல்லை. அது அப்பாவின் கை. கலர் அடித்த இயந்திரம் பார்த்திருக்கிறது, விரல் குறைகிறதே என்று நினைத்திருக்கிறது, நகத்தோடு ஒரு நுனி போட்டுக் கொடுத்துவிட்டது.

அப்பா ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏனம்மிணி, நானெங்க நிக்கறேன்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே கையைக் கண்டுபிடித்து, "அட, வெரலு மொளச்சிருச்சு" என்று சிரித்தார். அவர் சிரித்தார், சரி. என்னால் முடியவில்லை.

இனி உள்பெட்டியில் வந்தவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில். "நல்ல எண்ணத்தில்தானே செய்தார்கள்." ஆமாம். நம்ம ஊரில் கல்யாணப் பந்தியில் வேலைக்காரர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுகிறவர்களும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், சாப்பாடு போடாமல் அனுப்புவதில்லையே.

"முகப்புப் படத்துக்கு அளவு அப்படித்தான் வரும்." கீழே முழுப் படத்தையும் போடலாமே? அதற்கு அளவு கிடையாதே? இதற்குமேல் இந்த வாதத்துக்கு நேரம் செலவழிக்க மாட்டேன்.

"பணக்காரர்கள் விளையாட்டு, பெட்ரோலைக் கொட்டி வட்டம் போடுகிறார்கள், அதற்கு எதற்கு அக்கா இவ்வளவு உருக்கம்?" இதைக் கேட்ட தம்பி நல்ல பையன், அதனால் யோசித்துப் பார்த்தேன். பணக்காரர்கள் விளையாட்டுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சோழவரத்தில் வண்டியில் உட்கார்ந்தவர்களில் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளையும் மகாராஜாக்களையும் கழித்துவிட்டால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஆனால் தம்பி, நீ சொல்வதும் அந்தப் பக்கத்துக்காரர்கள் செய்ததும் ஒன்றுதான், அது உனக்குத் தெரிகிறதா? அவர்கள் படத்தில் பணக்காரரை மட்டும் விட்டுவைத்தார்கள், நீயும் அந்த விளையாட்டில் பணக்காரரை மட்டும்தான் பார்க்கிறாய். கார் செய்தது கோயமுத்தூர்ப் பட்டறைகள். பவுண்டரியில் உலோகத்தை உருக்கி ஊற்றியவன், பைப் வளைத்தவன், வெல்டு வைத்தவன், கடைந்தவன். கரி சாரை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே வண்டியை வெளிநாட்டிலிருந்து இறக்குவதோடு நிற்காமல் இங்கே இருக்கிற கைகளை நம்பினார் என்பதுதான். அந்தக் கைகளை எடுத்துவிட்டு அவரை மட்டும் தனியாக நிற்க வைத்தால் அவர் யாரோ ஒரு ஹெல்மெட் மாட்டின பணக்காரர் ஆகிவிடுகிறார். அவருக்குத்தான் அது அவமரியாதை.

"உங்கப்பா படத்தில் இல்லை என்பதற்குத்தானே இந்தச் சண்டை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சிரிப்புப் பொம்மையோடு.

ஆமாம். அதற்குத்தான். வேறு எதற்கு?

கொஞ்சம் சொந்தக் கதை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு அப்பா ஒருநாள் வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார், சட்டையெல்லாம் கூலன்ட் வாசம், கடையும்போது சூடு தணிக்க ஊற்றுவது. அந்த வாசம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், துவைத்தாலும் போகாது. நான் தோழிகளோடு நின்றுகொண்டு, யாரோ கூப்பிடுகிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் கல்லூரி விண்ணப்பத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் "பிசினஸ்" என்று எழுதினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், டிராயிங் படித்துப் பழக்கம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. யாராவது "நீங்கள் மட்டும் என்ன யோக்கியமா" என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

பட்டறை இப்போது இல்லை. முதலாளியின் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள், லேத்து பழைய இரும்பு விலைக்கு, கிலோக் கணக்கில் போயிற்று. அப்பா கடைந்த ஹப் எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு இருப்பது இந்த ஒரு படம், இப்போது மூலை உரிந்த படம்.

அந்தப் பக்கத்து நிர்வாகி நேற்று ராத்திரி "படம் உதவி என்று உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா மேடம்" என்று கேட்டார். என் பெயர் எதற்கு? படம் எடுத்தபோது நான் மூன்று வயதுக் குழந்தை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். எட்டுப் பேரையும் போடுங்கள் என்றேன். "பார்க்கிறேன்" என்றார். பார்க்கட்டும்.

முழுப் படத்தையும் இதோடு போட்டிருக்கிறேன், கருப்பு வெள்ளையில், உரிந்த மூலையோடு. நடுவில் கரி சார், சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு இடது பக்கம் டயரில் கை வைத்திருப்பது அப்பா, விரலைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பவர் வெல்டர், தவறிவிட்டார். அவர் வீட்டில் கேட்டுவிட்டுப் பெயரைப் போடுகிறேன், மற்ற மூன்று பேர் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் பெயர் அப்பாவுக்கே மறந்துவிட்டது. ஒருவர் வலது கடைசியில் தொப்பியோடு நிற்பவர், லாரி ஓட்டி வந்தவர் என்கிறார். இன்னொருவன் முன்னால் குந்தியிருக்கும் பையன், பதினைந்து வயது இருக்கலாம், கையில் தண்ணீர் கேன், சட்டைப் பை கிழிந்திருக்கிறது. இருகூர்ப் பக்கத்துப் பையன், இடது கைக்காரன், ஸ்பேனரை அந்தக் கையில்தான் பிடிப்பான் என்று மட்டும் அப்பாவுக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கு அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

இருகூர், சூலூர், சிங்காநல்லூர்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருதரம் காட்டுங்கள். தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அப்பாவிடமே ஃபோனைக் கொடுக்கிறேன். ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுவார், அதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.