மோசேயின் மாமனார்

(சனிக்கிழமை சாயங்காலம். மதுரை பசுமலையில் ஒரு வீட்டுத் திண்ணை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறார். மருமகன் கையில் நாலு தாளோடு வருகிறார். காளவாசலில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சபையில் செயலாளர், பாடகர் குழு, கட்டடக் கமிட்டி, இன்னும் என்னென்னவோ. எல்லாச் சபையிலும் இப்படி ஒருவர் உண்டு. அவர் வராவிட்டால் மைக் வேலை செய்யாது.)

மருமகன்: ஸ்தோத்திரம் மாமா.

மாமனார்: ஸ்தோத்திரம் மாப்பிள்ளை. உட்காருங்க. கை சும்மா இருந்தால் நாலு வெங்காயம் உரிங்க.

மருமகன்: நாளைக்குக் குடும்ப ஞாயிறு மாமா. 'வெற்றியுள்ள கிறிஸ்தவக் குடும்பம்' என்று ஐந்து நிமிஷம் பேச போதகர் ஐயர் என் பேரைப் போட்டுவிட்டார். நீங்க ஒரு தரம் கேட்டுச் சொல்லணும்.

மாமனார்: வாசிங்க. காது சும்மாதான் இருக்கிறது.

மருமகன்: (தொண்டையைச் செருமி) 'கர்த்தருக்குள் பிரியமானவர்களே! 1834ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தபோது...'

மாமனார்: ஐந்து நிமிஷப் பேச்சை 1834லிருந்தா ஆரம்பிக்கிறது? நீங்க 1947 செப்டம்பர் 27க்கு வந்து தென்னிந்தியத் திருச்சபையை உண்டாக்குவதற்குள் பிரியாணி ஆறிவிடும். இதில் உங்க குடும்பம் எங்கே வருகிறது?

மருமகன்: மூன்றாவது தாளில். நடுவில் 1881, அமெரிக்கன் கல்லூரி. நான் படித்த இடத்தை விட முடியுமா?

மாமனார்: அரியர் வைத்த கதையும் உண்டா?

மருமகன்: அதை விட்டுவிட்டேன்.

மாமனார்: நல்லது. மூன்றாவது தாளை எடுங்க.

மருமகன்: '"நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்றார் யோசுவா. எங்கள் வீட்டிலும் அப்படியே. எத்தனை வேலை இருந்தாலும், தினமும் ராத்திரி நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணாமல் படுப்பதில்லை.'

மாமனார்: தினமுமா?

மருமகன்: தினமும்.

மாமனார்: நேற்று?

மருமகன்: நேற்று... கட்டடக் கமிட்டி. வர 11 மணி ஆகிவிட்டது. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எழுப்ப மனசு வரவில்லை.

மாமனார்: முந்தாநாள்?

மருமகன்: பாட்டு ஒத்திகை. அன்றைக்கும் தூங்கிவிட்டார்கள்.

மாமனார்: ரூம் கதவைத் திறந்து பார்த்தீங்களா?

மருமகன்: சத்தம் கேட்டு விழித்துக்கொள்வார்களே என்று ஹாலிலேயே படுத்துவிட்டேன்.

மாமனார்: மாப்பிள்ளை, புதன்கிழமையிலிருந்து அவர்கள் மூன்று பேரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

(மருமகன் உரித்த வெங்காயத்தைக் குப்பையிலும் தோலை முறத்திலும் போடுகிறார்.)

மருமகன்: இங்கேயா? தினமும் சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருந்ததே!

மாமனார்: ஆறு மணிக்குக் கேரியரில் போட்டு, டிவிஎஸ் 50இல் மாட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது நான்.

மருமகன்: ஐயையோ. அப்போ வியாழக்கிழமை ரசம்...

மாமனார்: 'ரசத்தில் உப்பே இல்லை. நீ இப்போதெல்லாம் முன்னே மாதிரி இல்லை' என்று சீட்டு எழுதி வைத்திருந்தீங்க. படித்தேன். அது நான் வைத்த ரசம்.

மருமகன்: அவளாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாமனார்: 'பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்குப் போகிறேன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினாளே. நீங்க கைகூப்பி 'ஆமென்' போட்டிருக்கீங்க.

மருமகன்: ஜெபக் குறிப்பு என்று நினைத்துவிட்டேன் மாமா! ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது தெரியுமா? 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்' என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதைத்தானே செய்கிறேன்?

மாமனார்: தேடச் சொல்லித்தான் இருக்கிறது. சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு என்ன எழுதினார்? 'ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?'

மருமகன்: மெதுவாகச் சொல்லுங்க மாமா. அடுத்த மாதம் எலெக்ஷன். எதிரணிக்காரன் காதில் விழுந்தால் நோட்டீஸே அடித்துவிடுவான்.

மாமனார்: சின்னவன் அதற்குமேல் போய்விட்டான். நேற்று ராத்திரி ஜெபத்தில், 'ஆண்டவரே, இந்த எலெக்ஷனில் எங்க அப்பா தோற்கணும்' என்றான். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

மருமகன்: நீங்களுமா?

மாமனார்: நான் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

மருமகன்: பெரியவனுக்காவது என்மேல் மரியாதை இருக்கும். போன அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்ததை ஏலம் விட்டபோது அந்தச் சேவலை 5,000 ரூபாய்க்கு எடுத்தேனே, சபையே கை தட்டியது!

மாமனார்: மரியாதை நிறைய இருக்கிறது. சேவலுக்குச் 'செயலாளர்' என்று பேர் வைத்திருக்கிறான். விடியற்காலையில் சத்தம் போட்டுவிட்டு வெளியே போனால் இருட்டினப்புறம்தான் வீடு திரும்புகிறதாம். அதையும் கையோடு கொண்டுவந்திருக்கிறான். பின்னால் நிற்கிறது பாருங்க.

மருமகன்: (பெருமூச்சு விட்டு) அப்போ வெற்றி என்று எதைத்தான் சொல்வது மாமா?

மாமனார்: என்னைக் கேட்டால்? 'எந்நேரமும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களே, எங்கேயாவது போய்விட்டு வாங்களேன்' என்று உங்க மாமியார் தினமும் என்னைத் திட்டுகிறாள். ரயிலில் திரிந்த காலத்தில் இந்தத் திட்டுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஐயர் எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தால் இதைத்தான் சொல்வேன்.

மருமகன்: உங்களுக்கென்ன, பென்ஷன் வருகிறது. வேதத்தில் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையா?

மாமனார்: அப்படி வாங்க வழிக்கு. யாத்திராகமம் 18ஆம் அதிகாரம். அவருடைய பெண்டாட்டி சிப்போராளும் இரண்டு மகன்களும் அப்போது எங்கே இருந்தார்கள்? மாமனார் எத்திரோ வீட்டில்! அந்த மனுஷன்தான் மூன்று பேரையும் வனாந்தரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்து பார்த்துவிட்டு, 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்றார். ஆயிரம் பேருக்கு ஒருத்தர், நூறு பேருக்கு ஒருத்தர், ஐம்பதுக்கு, பத்துக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்.

மருமகன்: நம்ம கமிட்டியில் யாரை நம்பி மைக் செட் சாவியைக் கொடுக்கிறது மாமா?

மாமனார்: மோசேக்கு வாய்த்தவர்கள் பின்னால் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட ஆட்கள். அவர்களை நம்பியே கொடுத்தார்.

மருமகன்: சரி, மோசே கேட்டாரா?

மாமனார்: 24ஆம் வசனம். 'மோசே தன் மாமன் சொல்கேட்டு, அவன் சொன்னபடியெல்லாம் செய்தான்.' உங்க கல்யாணத்தன்றைக்கே அடிக்கோடு போட்டு வைத்துவிட்டேன்.

மருமகன்: (போனில் வேதாகமத்தைத் தள்ளிப் பார்த்து) அப்படியே 27ஐயும் படிங்க மாமா. மோசே தன் மாமனை அனுப்பிவிட்டாராம். அவரும் தன் தேசத்துக்கே போய்விட்டாராம்.

மாமனார்: இது என் வீடு மாப்பிள்ளை. நான் எந்தத் தேசத்துக்குப் போவேன்? சாப்பிட்டுவிட்டு, சிப்போராளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீங்க கிளம்புங்க.

மருமகன்: ஒரே பைக்கில் நாலு பேர். சேவலை எங்கே வைக்கிறது?

மாமனார்: அதைப் பற்றிக் கவலைப்படாதீங்க. செயலாளர் எத்தனை மணி ஆனாலும் தானாக வந்து ஹாலில் படுத்துக்கொள்வார்.