இசை ஆசிரியரின் ஸ்கிராப்புக்கைப் பிய்க்காதீர்கள்

ஒரு இசை ஆசிரியர் வகுப்பை மூடினாலோ காலமாகிவிட்டாலோ அலமாரியிலிருந்து தடித்தடியாக ஸ்கிராப்புக்குகள் (போட்டோ, கடிதம், செய்தித் துணுக்கு, நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஒட்டிவைத்த நோட்டுகள்) இறங்கும். வீட்டார் முதலில் தேடுவது, பின்னாளில் பிரபலமான மாணவர் யாராவது உள்ளே இருக்கிறாரா என்பதைத்தான். இருந்தால் அந்தப் படத்தை மட்டும் உரித்து ஃப்ரேம் போட்டுவிட்டு மிச்சத்தைப் பழைய பேப்பரோடு தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இதில் பயங்கரக் கடுப்பு.

அந்த மிச்சம்தான் சரக்கே. முக்கியமாக, யாரும் சீண்டாத நிகழ்ச்சி நிரல் தாள்கள். மாணவர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த வாண்டுகள் முதலில் வாசிப்பார்கள், தேறியவர்கள் கடைசியில். அந்தத் தாள்களை வருட வரிசையில் பரப்பிப் பாருங்கள், முதல் வரியில் இருந்த ஒரு பெயர் மெல்ல மெல்லக் கீழே இறங்கி ஒரு வருடம் கடைசி வரிக்கு வந்திருக்கும். பாதியில் காணாமல் போகும் பெயர்களும் உண்டு. எந்த உருப்படி வருடா வருடம் திரும்ப வருகிறது, எது ஒரே தடவையோடு நின்றுபோனது, ஓரத்தில் பென்சிலால் யார் பெயரை அடித்து வேறு யாரை எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் அவர் பாடம் நடத்திய விதமே தெரிந்துவிடும். மேதைகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுத ஆள் இருக்கிறது, தெருமுனை வகுப்பில் கற்றுக்கொண்ட கூட்டத்துக்கு இந்தத் தாள்களை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

எதையும் பிரிப்பதற்கு முன், அட்டை உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாகப் படம் எடுங்கள், மடித்து ஒட்டிய கடிதத்தை மூடியபடி ஒன்று, திறந்து ஒன்று. எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டினார் என்பதும் ஒரு தகவல்தான். ஸ்கேன் என்றால் 300 டிபிஐக்கு (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல், சின்னப் போட்டோவுக்கு 600. அப்புறம், ஸ்கேன் பண்ணியாச்சே என்று அசலைத் தூக்கிப் போடுகிறவர்களை என்னால் ஏற்கவே முடியாது.

பசைதான் என்றைக்கும் தலைவலி. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினே பசை தொல்லை தாங்காமல், ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக்குக்கு 1873இல் காப்புரிமை வாங்கினார். 1930இல் வந்த செலோ டேப் இன்னும் மோசம், டேப் காய்ந்து விழுந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் போகாது. செய்தித்தாள் துணுக்கில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் நாளாக ஆக மஞ்சளித்து, அமிலம் ஊறி, எதிர்ப்பக்கத்துப் போட்டோவிலும் தன் அச்சைப் பதித்துவிடும். நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்தால் போதும், அதையும் அளவாக வையுங்கள், நிறைய வைத்தால் நோட்டின் முதுகு பிளந்துவிடும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை நிதானமாக நிமிர்த்தி எடுக்கலாம். லேமினேஷன் மட்டும் கூடவே கூடாது, சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது நடக்காத காரியம்.

ஆசிரியர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து குழுப் படங்களில் யார் யார் என்று கேட்டுவிடுங்கள். பெயர்களைத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள், போட்டோவின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். குழந்தைகள் படத்தைப் பெயரோடு பொதுவில் போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல் விழுந்த வயதில் வயலினோடு நின்ற கோலத்தை ஊரே பார்க்க எல்லோரும் விரும்ப மாட்டார்கள்.