‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்றால் மருந்தே இல்லையா?

“மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஹெர்-2 பாசிட்டிவ் என்று வந்தால் எந்த மருந்தும் கேட்காது, 1987-இலேயே அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் நிரூபித்துவிட்டார்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. ஹெர்-2 என்பது செல்லின் மேற்பரப்பில் இருந்து அதை வளரத் தூண்டும் ஏற்பிப் புரதம்; அது மிகுதியாக இருந்தால் ‘பாசிட்டிவ்’.

ஸ்லாமன் குழு அந்த ஆண்டு 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தது. சுமார் 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்-2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. அத்தகைய கட்டி இருந்த நோயாளிகளுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. ஆய்வு சொன்னது அவ்வளவுதான். மருந்து கேட்காது என்று அதில் இல்லை. இந்த ஏற்பியைக் குறிவைக்கும் மருந்தே அன்று புழக்கத்தில் இல்லையே!

அதே ஸ்லாமன் விடாமல் முயன்றதன் பலனாக ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை நோயாளிகளுக்குக் கீமோதெரபியோடோ அதன் பின்னரோ கொடுத்தபோது, நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியானதை 2005-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. செய்தியை எழுதியவர் 1987-ஐத் தாண்டிப் படிக்கவில்லை போலும்.

அறிக்கையில் ஹெர்-2 அளவு ‘2+’ என்று இருந்தாலும் பதற வேண்டாம். கட்டித் திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்லின் விளிம்பைச் சுற்றி அடர்பழுப்பு வளையம் முழுமையாகத் தெரிந்தால் 3+, அதுதான் பாசிட்டிவ். 2+ என்பது இழுபறி. ‘ஃபிஷ்’ சோதனையில் மரபணுப் பிரதிகளை எண்ணிய பிறகே முடிவு சொல்வார்கள்.