திட்டியதும் அண்ணன், காப்பாற்ற வந்ததும் அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஃபோனில் வரிசையாகப் பழைய பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள் (அவள் கணக்கில் 2011 என்பது பழைய காலம்). ஹிப்ஹாப் தமிழா ஆதி ஒரு பெண்ணைத் திட்டிப் பாடிய ராப், 'கிளப்புல மப்புல', ஆரம்பித்ததும் என் வாய் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. மூச்சு வாங்கும் இடம்கூட மறக்கவில்லை. முடித்துவிட்டுப் பெருமையாக அவளைப் பார்த்தேன்.

"செம சித்தி" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அந்தப் பொண்ணு இவருக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

காப்பி போட்டு எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011-ல் நான் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். பெயர் எதற்கு, அன்றைக்குப் பாதிக் கல்லூரிகள் அப்படித்தான். துப்பட்டாவுக்கு இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்கிறதா என்று வாசலில் ஒரு மேடம் நின்று பார்ப்பார். பையன்களோடு நின்று பேசினால் ஐடி கார்டு போய்விடும். ஆறு மணிக்கு மேல் கேட்டைத் தாண்ட அப்பா வார்டனுக்கு ஃபோன் போட வேண்டும். கிளப் எப்படி இருக்கும் என்பது சினிமா பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். அந்த ஹாஸ்டலுக்குள் இந்தப் பாட்டு ப்ளூடூத் வழியாக வந்து சேர்ந்தது. ஒரு எஃப்.எம். ஸ்டேஷனில் உட்கார்ந்து பாடிய பாட்டு, யூடியூபில் ஏறி, அங்கிருந்து மெமரி கார்டு மெமரி கார்டாகப் பரவியது. பாடியவர் கோவைக்காரர், பொறியியல் படித்தவர், 21 வயது. ஹிப்ஹாப் தமிழா ஆதி.

எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் புரியாது. தமிழில் ராப் புதிது ஒன்றும் இல்லை. 1994-லேயே 'காதலன்' படத்தில் பேட்டை ராப் வந்துவிட்டது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ரா குழுவும் இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப்பாக்கித் தந்தார்கள், அதையும் தேய்த்துத் தேய்த்துக் கேட்டோம். ஆனால் பேட்டை ராப் சினிமாவுக்குள் இருந்தது, யோகி பி கடல் தாண்டி இருந்தார். இது பக்கத்துத் தெருப் பையன். படத்தில் வராத, எந்த ஹீரோவும் ஆடாத பாட்டு. நம்ம ஊர்ப் பேச்சில், நம்ம வயசுக்காரன் ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான் என்ற சந்தோஷத்தில் என்ன பேசுகிறான் என்று கேட்காமல் விட்டோம்.

என்ன பேசினார் என்றால், குடிக்கிற பெண்ணைத் திட்டினார். உடுத்துவதைத் திட்டினார். தமிழ்ப் பண்பாடு கெட்டுப்போகிறதே என்று வருத்தப்பட்டார். அவ்வளவுதான் பாட்டு. அப்போதே சிலர் இது பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சொன்னார்கள். எங்கள் ஹாஸ்டலில் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

அப்புறம் கல்ச்சுரல்ஸ் வந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் துப்பட்டாவுக்கு விலக்கு. அக்கா வாங்கித் தந்த கை இல்லாத குர்தியைப் போட்டுக்கொண்டு காலேஜ் பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டிலிருந்து ஒருவன் அந்தப் பாட்டை ஆரம்பித்தான். இரண்டாவது வரியில் பஸ்ஸே சேர்ந்துகொண்டது. முன்னால் உட்கார்ந்திருந்த சார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன்: குனிந்த தலைக்குள் என் உதடும் அந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நன்றாகக் கட்டிய பாட்டு அது.

அந்தப் பாட்டால் ஆதி பெரிய ஆளானார் என்று சொல்வது பாதிதான். கூடவே ஒரு வேடமும் அவருக்குத் தயாராகக் கிடைத்தது. குடிக்காத, கெட்ட வார்த்தை பேசாத, தமிழ் தமிழ் என்று உருகுகிற, தங்கச்சிமார்களுக்குப் புத்தி சொல்கிற நல்ல பையன். வெளிநாட்டில் ராப்பர் என்றால் ஊரைக் கெடுக்க வந்தவன் என்றுதான் பெரியவர்கள் திட்டுவார்கள். இங்கே பெரியவர்கள் திட்ட வேண்டியதை ராப்பரே திட்டிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் அப்பா அம்மாக்களுக்கும் பிடித்தது. யோசித்துப் பாருங்கள், மகன் ராப் கேட்கிறான் என்று கவலைப்பட்ட ஒரு கோவை அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம். 2013-ல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' படத்துக்குப் பாடினார். 2015 பொங்கலுக்கு 'ஆம்பள' மூலம் இசையமைப்பாளர். 2017-ல் 'மீசைய முறுக்கு', தன் கதையையே எழுதி, இயக்கி, நடித்து, இசையும் போட்டார். சுந்தர்.சி தயாரிப்பு. அப்பாவாக விவேக் வந்த காட்சிகளில் நான் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு வந்த படங்களில் ஹாக்கி ஆடினார், அடக்க முடியாமல் சிரித்தார், காஞ்சிபுரத்தில் தறி ஓட்டினார், சூப்பர் ஹீரோ ஆனார். இவற்றில் பலவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இன்னொன்று யாரும் அதிகம் பேசுவதில்லை. ஹிப்ஹாப் தமிழா என்பது இரண்டு பேர். ஜீவா என்று ஒருவர் உண்டு. பேர் இருவருக்குச் சொந்தம், முகம் ஒருவருக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. சினிமாவுக்குப் போனால் அப்படித்தான் ஆகும்போல.

நல்ல பையன் வேடத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் முழுக்க நம்மை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டால், ஊர் முழுக்கக் கேட்கிறபோது பதில் சொல்ல வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக அவர் போட்ட 'டக்கரு டக்கரு' 2017 ஜனவரியில் போராட்டக்காரர்கள் எல்லார் ஃபோனிலும் ஓடியது. மெரினாவில் கூட்டம் உட்கார்ந்திருந்தது, எங்கள் ஊரில் வ.உ.சி. மைதானத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில், போராட்டம் திசை மாறுகிறது, நான் விலகிக்கொள்கிறேன் என்று அவர் வீடியோ போட்டார். நியாயமா இல்லையா என்று அப்போது அடித்துக்கொண்டோம். எனக்கு அதிர்ச்சியாக இல்லை. தங்கச்சி குடிக்கக் கூடாது என்று சொன்ன அதே குரல், தம்பி கோஷம் போடுவதில் அளவு வேண்டும் என்று சொன்னது. வாத்தியார் மாறவில்லை, பாடம் மட்டும் வேறு.

அதற்கு அடுத்த வருடம், 2018-ல், சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியது. அதில் ராப்பர் அறிவு வந்தார். அதே ராப், அதே தமிழ். ஆனால் திட்டு மேல் நோக்கிப் போனது, சாதியைப் பார்த்து, அதிகாரத்தைப் பார்த்து. அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாக உறைத்தது: ராப்பில் கோபம் இருப்பது பிரச்சினையே இல்லை, யாரைப் பார்த்து என்பதுதான். பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் இருந்தவளைப் பார்த்தா, முன்சீட்டில் சிரித்த சாரைப் பார்த்தா? ஆதியின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அவர் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்குச் சினிமாவுக்குள் இவ்வளவு சீக்கிரம் இடம் கிடைத்திருக்காது என்பதுதான் என் எண்ணம். தமிழ் எழுத்துகளின் வரலாற்றைத் தேடி 'தமிழி' என்று ஆவணத் தொடர் எடுத்து யூடியூபில் இலவசமாகப் போட்டதற்கு அவருக்கு ஒரு கும்பிடு. சினிமாப் பாட்டில் சம்பாதித்ததை அப்படிச் செலவு செய்தவர்கள் எத்தனை பேர்?

அவர் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது எது தெரியுமா? 2015-ல் வந்த 'தனி ஒருவன்' படத்தின் 'தீமைதான் வெல்லும்'. அரவிந்த்சாமி குரல். பேசுகிறவன் வில்லன். யாருக்கும் புத்தி சொல்லவில்லை, யாரையும் திருத்த வரவில்லை, நான் கெட்டவன், நான்தான் ஜெயிப்பேன் என்று நிதானமாகச் சொல்கிறான். புத்தி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாதபோது இந்த மனிதர் எவ்வளவு கூர்மையாக யோசிக்கிறார் என்று அந்தப் பாட்டு காட்டியது. அந்தப் பக்கம் அவர் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போது 'பி.டி. சார்' படத்துக்கு வருகிறேன். 2024 மே. அக்காவும் நானும் தியேட்டரில்தான் பார்த்தோம். ஒரு பெண்ணுக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது. அவள் போட்ட உடையைக் காட்டி ஊர் அவளையே குற்றம் சொல்கிறது. பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரான ஆதி அந்த ஊரை எதிர்த்து நிற்கிறார். எனக்குப் படத்தில் மனசு நிற்கவில்லை. 2011-லிருந்து 2024 வரை, 13 வருடம். உடையைக் காட்டித் திட்டிய பாட்டில் பிறந்த ஒருவர், உடையைக் காட்டித் திட்டாதீர்கள் என்று கை நீட்டுகிறார்.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. 21 வயதில் ஒருவர் பாடியதை 34 வயதிலும் அவர் கழுத்தில் தொங்கவிட வேண்டுமா? வேண்டாம். நானே அந்தப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறேன், என்னை என்ன செய்வது? மாறியிருக்கிறார், சந்தோஷம். மன்னிப்புக் கேள் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை.

ஆனால் இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபோது ஒன்று தோன்றியது, அது இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டிலும் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள், இந்தப் படத்திலும் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். அங்கே அவளைத் திட்ட ஒரு அண்ணன் வந்தார். இங்கே அவளைக் காப்பாற்ற ஒரு அண்ணன் வருகிறார். இரண்டு தடவையும் மைக் அண்ணன் கையில்.

இத்தனைக்கும் 'கிளப்புல மப்புல' வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 2010-ல், 'எந்திரன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மானோடு ராப் பாடியவர்கள் கேஷ், கிரிஸ்ஸி என்று இரண்டு பெண்கள். ஆங்கிலத்தில் பாடினார்கள், ரோபோ ஆடியது, நாங்களும் ஆடினோம். பெண்ணும் ராப் பாடலாம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அதை யாரும் ப்ளூடூத்தில் அனுப்பி, பஸ்ஸில் கூட்டாகப் பாடவில்லை, அவ்வளவுதான்.

காப்பியோடு மேலே போனபோது அக்கா மகள் கேள்வியை மறந்துவிட்டு வேறு பாட்டில் இருந்தாள். நான்தான் விடவில்லை. "ஏங்கண்ணு, அந்தப் பாட்டுல வர்ற பொண்ணு திரும்பி ராப்புல பதில் சொன்னா என்ன சொல்லும்?" என்றேன்.

ஒரு நொடிகூட எடுக்கவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நான் குடிக்க வந்தேன் சரி... நீ எதுக்குண்ணா வந்தே?"